கரும்புக் கொல்லையில் வாசகர் வட்டம்

அத்தியாயம் 17

மாமியாரிடம் ஒரு மாதம் கேட்டு வாங்குவது எத்தனை கஷ்டம் என்று கண்ணகியைக் கேட்டால் தெரியும். இத்தனை வாரமாக அவள் கூடவே வருகிறவர்களுக்கும் தெரியும்.

கல்யாணமாகி வருஷங்கள் கழித்து, நூலக அறிவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, வடக்கனந்தலில் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. "பொஸ்தகத்த அடுக்கி வெக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று மாமியார் லட்சுமியம்மாள் கேட்டது ஒன்றுதான் அன்றைய பேச்சு. கணவன் தங்கதுரைதான் அம்மாவிடம் மல்லுக்கு நின்று அவளைக் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் சேர்த்துவிட்டான்.

சேர்ந்த பிறகுதான் அடுத்த வில்லங்கம். வகுப்பில் படித்தால் மட்டும் போதாது, ஒரு நூலகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்றது கல்லூரி. களப்பயிற்சி என்று அதற்குப் பெயர். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கள்ளக்குறிச்சியிலேயே இடம் கிடைத்தது. நம் கண்ணகிக்குக் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையையும் தாண்டி, ஓர் ஊர்ப்புற நூலகம்.

"ஒரே ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்று லட்சுமியம்மாள் உத்தரவு போட்டாள்.

அந்த ஒரு மாதத்தின் கடைசி நாள் இன்று. கல்லூரியிலிருந்து பேராசிரியை மலைக்கு வந்து, கண்ணகி என்ன கற்றாள், என்ன செய்தாள் என்று நேரில் பார்த்து மார்க் போடும் நாள். நல்ல காரியங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து முட்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். வராமல் வராமல் இருந்த சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவும் நேற்றுச் சாயங்காலம் தங்கதுரையின் போனுக்கு வந்து சேர்ந்தது. இன்று கரும்பு வெட்டு.

விடிந்தும் விடியாமலும் அடுப்படியில் அண்டாக்கள் உருண்டன.

"வெட்டு நாளும் அதுவுமா மருமவ மலைக்குப் போறா. ஊரு இன்னா பேசும்?" லட்சுமியம்மாள் அண்டாவைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியது கண்ணகி.

"வெங்காயம் உரிச்சிட்டன் அத்த. கருவாடு கழுவி வெச்சிட்டன். பருப்பு வேவுது. இன்னைக்கு ஒரு நாள்தான். மேடம் வரும்போது நான் இல்லன்னா, இந்த மாசம் பூரா செஞ்சது வீணாப்பூடும். அடுத்த வருசம் மறுபடியும் மொதல்லருந்து செய்யணும்."

"அடுத்த வருசமா?" லட்சுமியம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "அடுத்த வருசம் வுட்டுடுவனா நானு? ஆவறதுன்னா இன்னைக்கு ஆவட்டும். இல்லன்னா மூட்ட கட்டி வெச்சிட்டு மாட்டப் பாரு."

கோபத்தில் சொன்னாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். இன்று தவறினால் படிப்பு தவறியது என்றே அர்த்தம்.

தங்கதுரை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தான். வழியெல்லாம் அவன் முகத்தில் சிரிப்பு. கரும்பு பூ விட்டு நின்று, வெயிலில் எடை கம்மியாகிக்கொண்டே இருந்தும், வெட்ட ஆள் கிடைக்காமல் அவன் அலைந்த அலைச்சல் போன வாரம்தான் நாம் பார்த்தது.

"எந்த ஊரு ஆளுங்களாம்?" என்று கண்ணகி கேட்டாள். நின்றிருந்த பேருந்தில் அதற்குள் கூட்டம் ஏறிவிட்டது.

"யாரு கேட்டா? பாவாட மேஸ்திரி எங்கியோ புடிச்சிட்டாரு. கத்தி புடிக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா செரி." அவன் அவள் பையை எடுத்துக் கொடுத்தான். "அம்மாவ நெனச்சிகினே போவாத. அதுக்கு வாய்தான். நீ நல்லா பண்ணு."

அவன் அப்படிச் சொன்னதும் கண்ணகிக்கு மனசு லேசானது. தன் படிப்பைத் தன்னைவிட ஆசையாகப் பார்க்கிற ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்பது சின்ன விஷயமில்லை.

பேருந்து கோமுகி அணையைத் தாண்டி மலையேறியது. ஜன்னலோரம் குளிர்ந்த காற்று. மேடத்திடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ, எதிரே ஒரு மினி லாரி இறங்கியது. பின்னால் நின்றுகொண்டு பத்திருபது பெண்கள்.

"அக்கோவ்!" என்று லாரியிலிருந்து ஒரு குரல். ஏழெட்டுக் கைகள் ஆடின.

கண்ணகியும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். யாரோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போவார்களா என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

நூலகம் ஓர் அறைதான். எதிரே ரேஷன் கடை. ஒரு மாதத்துக்கு முன்பு கண்ணகி இங்கே வந்தபோது, நாலைந்து பெரியவர்கள் செய்தித்தாள் பார்த்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி. பெண்கள் வாசல் பக்கம்கூட வந்ததில்லை. ஆனால் எதிரே ரேஷன் கடையில் கூட்டமான கூட்டம். விரல் வைக்கிற மிஷினுக்கு மலையில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் வரும்வரை அத்தனை பேரும் வெயிலில் குந்திக்கொண்டிருப்பார்கள்.

கண்ணகி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "இங்க வந்து ஒக்காருங்க, ஃபேன் ஓடுது" என்று கூப்பிட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆயம்மாள் என்கிற பெண்தான் முதலில் உள்ளே வந்தாள். எட்டாவது வரை படித்தவள். அவளைப் பார்த்து மற்றவர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று கண்ணகி ஒரு நாவலை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். மறுநாள் ரேஷன் இல்லாதபோதும் வந்தார்கள். அப்படி உருவானதுதான் வாசகர் வட்டம். பயிற்சிக் குறிப்பில் அவள் பெருமையாக எழுதியிருந்ததும் அதைத்தான். இன்று மேடம் முன்னால் வாசிப்பு நடக்க வேண்டும் என்று அவள் சொல்லிவைத்தபோது, "வராம எங்க போறோம்?" என்று அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள்.

இன்று நூலக வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

நூலகர் ராமசாமி வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாம்மா, ஒன் ஆளுங்க ஒருத்தரையும் காணமே?"

"ரேஷன் நாள்தானே சார் இன்னைக்கு? அதுக்குத்தானே இந்த நாளா பாத்து மேடத்த வரச் சொன்னன்?"

பதில் சொன்னது பக்கத்து டீக்கடை சடையன். "ரேஷன் எங்க ஓடிடப் போவுது? கூலி வேல வந்தா வுடுவாங்களா? காலங்காத்தால மேஸ்திரி வண்டி வந்து ஏத்திகினு பூடுச்சி. வடக்கனந்தல்ல யார் கொல்லையோ கரும்பு வெட்டாம்."

கண்ணகி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் ஆயம்மாள் புத்தகம் திருப்பித் தர வந்தபோது, "கீழ எதுனா வேல இருந்தா சொல்லுக்கா, பத்துப் பதினஞ்சு பேரு இருக்கோம்" என்றாள். தங்கதுரை ஆளுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். கண்ணகியின் போனிலிருந்துகூட அவன் வெட்டு ஆள் பிடித்துத் தரும் பாவாடை மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தான். அந்த நம்பரைத் தேடி எடுத்து ஆயம்மாளிடம் கொடுத்தது கண்ணகிதான். கொடுத்ததை வீட்டில் சொல்ல மறந்துபோனதும் கண்ணகிதான். வெட்டு உத்தரவு இன்றைக்கு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

தன் வாசகர்களைத் தானே பிடித்துத் தன் வீட்டுக் கரும்பு வெட்ட அனுப்பிவைத்த மாணவி, நூலக அறிவியல் வரலாற்றிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"வுடும்மா" என்றார் ராமசாமி. நல்ல மனுஷர், யாருக்கும் சிரமம் வரக் கூடாது என்று நினைக்கிறவர். அந்த நினைப்பினாலேயே அடிக்கடி சிரமம் உண்டாக்குகிறவர். "நாலு பேர புடிச்சி ஒக்கார வெச்சா முடிஞ்சிது. வந்து பாக்கறவங்களுக்கு தல இருந்தா போதும்."

"வேணாம் சார். பொய்யா எதுவும் வேணாம்."

அவள் மேலும் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பேராசிரியை ராஜாம்பாள் கல்லூரியில் கறாருக்குப் பேர் போனவர். இன்று அந்தக் கறாரையெல்லாம் மலை வளைவுகள் பிழிந்து எடுத்திருந்தன. காரிலிருந்து இறங்கியவர் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். முகம் வெளுத்திருந்தது. கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"மேடம், தண்ணி..."

"ஒண்ணும் கேக்காதே. ரெண்டு நிமிஷம் குடு."

கண்ணகி சடையன் கடையிலிருந்து சுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். அது உள்ளே போனதும் மேடத்துக்கு உயிரும் கறாரும் சேர்ந்து திரும்பி வந்தன.

உள்ளே அலமாரிகளைப் பார்த்தார். பிரிவு எண்கள் ஒழுங்காக ஒட்டியிருந்தன. கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்தது. சிறுவர் நூல்கள் சிறுவர் கைக்கு எட்டும் தட்டுக்கு இறங்கியிருந்தன. மேடம் தலையாட்டிக்கொண்டே வந்து மேசையருகில் நின்றார். அங்கே மூன்று பேர் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சடையன்.

கண்ணகி ராமசாமியைப் பார்த்தாள். ராமசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

"என்ன படிக்கிறீங்க?" என்று மேடம் சடையனைக் கேட்டார்.

சடையன் எழுந்து நின்றார். "நமக்குப் படிப்பு அவ்ளோவா வராதுங்க. சாரு கொஞ்ச நேரம் ஒக்காருன்னாரு. அடுப்புல பால் வெச்சிட்டு வந்தன். போலாமுங்களா?"

மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

"கண்ணகி, அலமாரி அடுக்க யாரும் கத்துக்கலாம்" என்றார் மேடம். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "பெண்கள் வாசகர் வட்டம் நடத்தறேன்னு எழுதியிருந்தே. அதைப் பாக்கத்தான் இந்த வயித்தோட இத்தனை வளைவு ஏறி வந்தேன். எங்கம்மா அந்த வட்டம்?"

"மேடம், இவங்கள நான் ஒக்கார வெக்கல."

"தெரியுது. ஆனா இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படி மார்க் போடறது? அடுத்த வருஷம் திரும்பச் செய். நல்லாச் செய்வே."

அடுத்த வருஷம். காலையில் அண்டா பக்கத்தில் கேட்ட குரல் கண்ணகியின் காதில் மறுபடி ஒலித்தது. அழுதால் பேச முடியாது, பேசாவிட்டால் கார் போய்விடும். அதனால் பேசினாள்.

"இல்லாம இல்ல மேடம். எல்லாரும் இருக்காங்க. எங்க கரும்புக் கொல்லையில இருக்காங்க."

"என்னது?"

கண்ணகி ஆயம்மாள் வேலை கேட்டதிலிருந்து லாரிக்குக் கையாட்டியது வரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். மேடம் முதலில் நம்பாமல் பார்த்தார். பேச்சில் லாரி வந்த இடத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை.

"வடக்கனந்தல் நீங்க திரும்பிப் போற வழிதான் மேடம். வாசகர் வர முடியலன்னா நூலகம் வாசகர்கிட்ட போகணும்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க?"

"சொன்னேன். கரும்புக் கொல்லைக்குப் போகணும்னு சொன்ன ஞாபகம் இல்லை." மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "சரி, புத்தகங்களை எடுத்துக்கோ. இறங்கும்போது எங்கிட்ட எதையாவது பேசிக்கிட்டே வா. பேச்சுல கவனம் போனா எனக்கு வாந்தி வராது."

ராமசாமி செய்த தப்புக்குப் பரிகாரமாக, ஒரு பை நிறையப் புத்தகங்களைக் கண்ணகியின் பெயரில் பதிந்து, தானே காரில் கொண்டுவந்து வைத்தார்.

எதைப் பேசுவது? வட்டத்தில் பாதியில் நிற்கிற நாவலின் கதையைச் சொன்னாள் கண்ணகி. தங்கை கல்யாணத்துக்குத் தனியாகப் பேருந்தில் போகிறாள் ஒரு பெண். பக்கத்தில் இருந்தவள் கைக்குழந்தையை இவள் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்குகிறாள். பேருந்து கிளம்பிவிடுகிறது.

"கத்தலையா அவ? டிரைவரை நிறுத்தச் சொல்லலையா?"

"கத்தினா மேடம். கண்டக்டர் நம்பல. கொழந்த இவளோடதுதான்னு நெனச்சிட்டாரு. ஏன்னா அது இவ கழுத்த கட்டிக்கினு சிரிக்குது."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அதுவரைக்கும்தான் படிச்சிருக்கோம்."

மேடம் திரும்பிப் பார்த்தார். கார் மலையடிவாரத்துக்கு வந்திருந்தது. எலுமிச்சம்பழம் இருக்கையில் உருண்டு கிடந்தது. அதை அவர் தேடவே இல்லை.

கொல்லை நெருங்க நெருங்கக் கண்ணகிக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மேடத்தை ஒரு வழியாகச் சமாளித்தாயிற்று. வெட்டு நடக்கும் இடத்தில் புத்தகப் பையோடு போய் நின்றால் மாமியார் என்ன சொல்வாள்? வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை போய்விடும். ஆலை லாரி வருவதற்குள் கட்டு கட்டியாக வேண்டும். அன்றைக்கு அந்தக் கொல்லையில் யார் வேலையைக் கெடுத்தாலும் லட்சுமியம்மாள் சும்மா விட மாட்டாள்.

நல்ல வேளை, மோட்டார் கொட்டாய் பக்கம் வேப்பமரத்து நிழலில் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. கரும்பின் காய்ந்த தோகையான சோகையைப் பரப்பி அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பின் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. லட்சுமியம்மாள் ஒருத்தியாகவே சோறும் குழம்பும் போட்டு வேர்த்துக் கொட்டியிருந்தாள். தங்கதுரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

கார் நின்றதும், "மில்லுக்காரங்களா?" என்று லட்சுமியம்மாள் கரண்டியோடு நிமிர்ந்தாள். இறங்கியது மருமகள்.

மாமியார் வாயைத் திறப்பதற்குள் வரிசையிலிருந்து கூச்சல் கிளம்பியது.

"அடியே, நம்ம அக்காடீ! லைப்ரேரி அக்கா!"

ஆயம்மாள் சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வந்தாள். "காலைல லாரியிலருந்து அவ்ளோ கத்தினமே, பாக்கலியா நீ? வராம பூட்டமேன்னு மனசே செரியில்ல. நீ இன்னாக்கா இங்க?"

"இது எங்க கொல்ல."

"ஒங்க கொல்லயா!" ஆயம்மாள் லட்சுமியம்மாள் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒன் மருமவளா இது? இந்த அக்காதான் ஆத்தா எங்களுக்கு மேஸ்திரி நம்பரு குடுத்துது. இல்லன்னா நாங்க எங்கருந்து வர்றது?"

லட்சுமியம்மாள் கண்ணகியைப் பார்த்தாள். "நீயா?"

"ஆமா அத்த."

"எங்க வெச்சி குடுத்த?"

"நூலகத்துலதான்."

"ம்" என்றாள் லட்சுமியம்மாள். அவளுடைய 'ம்'களில் பல ரகம் உண்டு. பெரும்பாலும் சண்டைக்கு முந்திய ரகம். இது கண்ணகி இதுவரை கேட்டிராத ரகமாக இருந்தது.

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. கார்க்கார அம்மாவுக்கு இலை போட ஓடினாள். வெட்டு நாளில் கொல்லைக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கு மரியாதை இல்லை. வயிறு சரியில்லை என்று மேடம் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "ரசம் ஊத்தி ரெண்டு வாய் துன்னுங்க, எல்லாம் செரியாப்பூடும்." மேடம் சோகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சரியாகத்தான் போனது.

"அக்கா, அந்தப் புள்ள இன்னா ஆச்சு? பஸ்ஸுல வுட்டுட்டுப் போனாளே?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "படிக்கா" என்று இன்னொருத்தி.

பாவாடை மேஸ்திரி குறுக்கே வந்தார். "யேய், சோத்தத் துன்னமா, கத்திய எடுத்தமான்னு இருக்கணும். வெட்ட வந்தீங்களா, கத கேக்க வந்தீங்களா? லாரி வந்துரும்."

கண்ணகி பையைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். மாமியார் இருக்கும் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"மேஸ்திரி" என்றாள் லட்சுமியம்மாள், ரசக் குண்டானைத் தூக்கிக்கொண்டே. "நீ மொதல்ல ரெண்டு வாய் துன்னு. வாயில சோறு இருந்தா பேச்சு வராது. சோத்து நேரம் அவங்க நேரம். இன்னா வேணா பண்ணட்டும்." பிறகு மருமகளிடம், அதே குரலில், "நின்னுகினே இருந்தா? படி" என்றாள்.

கண்ணகி படித்தாள்.

பேருந்து அடுத்த ஊரில் நிற்கிறது. குழந்தைக்குப் பசி. காசில்லாமல் பால் கேட்டு அந்தப் பெண் ஒரு கடை வாசலில் நிற்கிறாள். சாப்பிட்டவர்கள் கை கழுவப் போகாமல், காய்ந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "கடக்காரன் குடுக்கமாட்டான் பாரு" என்று ஒருத்தி சொல்ல, "ஸ்ஸ்" என்று பத்துப் பேர் அடக்கினார்கள். அடக்கியவர்களில் மேஸ்திரியும் ஒருவர்.

மேடம் இலையை மடித்துவிட்டு ஆயம்மாள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணகி புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டும் இடைவெளியில் மெதுவாகக் கேட்டார். "இந்த அக்கா ஒரு மாசம் அங்க இருந்தாங்களே, உங்களுக்கு என்னம்மா செஞ்சாங்க?"

ஆயம்மாள் யோசித்தாள். "ஒன்னும் செய்யலீங்க. நாங்க ரேசனுக்கு வெயில்ல குந்திகினு இருப்போம். உள்ள வந்து ஒக்காருங்கன்னாங்க. அவ்ளோதான். அதுக்கு முன்ன யாரும் சொன்னதில்ல."

மேடம் கைப்பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்து, மடியில் வைத்தே எழுதத் தொடங்கினார்.

கடைக்காரன் பால் கொடுத்தானா இல்லையா என்று தெரிவதற்குள் ஆலை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லோரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். "நாளைக்கு இங்க முடிஞ்சதும் மணலூர்பேட்டையில வெட்டு இருக்குக்கா. பதினஞ்சு நாளு ஆவும். பொஸ்தகத்த எடுத்துகினு போவட்டுமா? நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிக் காட்டிடுவன்" என்றாள் ஆயம்மாள். கண்ணகி கொடுத்தாள். ஆயம்மாள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

கார் கிளம்பும் நேரம். கண்ணகியின் பக்கத்தில் லட்சுமியம்மாளும் வழியனுப்ப வந்து நின்றாள். தங்கதுரை நல்ல கரும்பாகப் பார்த்து எடுத்துக் கட்டு கட்டிக்கொண்டு வந்தான்.

"மார்க்கைப் பத்திக் கவலைப்படாதே" என்றார் மேடம். "எத்தனையோ வருஷமா களப்பயிற்சி பாக்கறேன். எல்லாரும் புத்தகத்தைக் காட்டுவாங்க. நீ வாசகரைக் காட்டிட்டே."

கண்ணகிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போது அழலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

"அடுத்த பருவத்துல ரெண்டு மாசப் பயிற்சி இருக்கில்ல, அங்கயே தங்கிச் செய்யறது? அதுக்கும் இந்த மலையையே உனக்குப் போட்டுடறேன். நீயே கேட்டிருந்தியே, நான்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அழுகை வந்த வழியே உள்ளே போய்விட்டது.

ஆமாம், கேட்டிருந்தாள். இன்னொரு பயிற்சி உண்டு என்பது கல்லூரியில் சேர்ந்த அன்றே அவளுக்குத் தெரியும். முதல் மாதத்தை ஒப்பேற்றிவிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. நம்மிடம்கூட இத்தனை வாரமாகச் சொல்லாமல் மறைத்துவிட்டாள், கெட்டிக்காரி.

லட்சுமியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா?"

"ஆமா அத்த... நானே சொல்லலாம்னுதான்..."

"இதே மலயிலயா?"

"ஆமா."

லட்சுமியம்மாள் கொல்லையைப் பார்த்தாள். பாதிக் கொல்லை காலியாகி, கரும்பு கட்டுக் கட்டாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. "அப்ப செரி. களை எடுக்க ஆளு இல்ல, நடவுக்கு ஆளு இல்லன்னு ஊரே அலையுது. போனா சும்மா வராத. பத்துப் பேரு நம்பர வாங்கிகினு வா."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். லாரிமேல் நின்ற பெண்களும் சிரித்தார்கள். இத்தனை லேசாக முடிகிற விஷயமா இது என்று கண்ணகிக்கு நம்பவே முடியவில்லை. மாமியாரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு தங்கதுரை பக்கம் திரும்பினாள்.

அவன் கரும்புக் கட்டைக் காரில் பத்திரமாக வைத்தான். மேடத்துக்குக் கும்பிடு போட்டான். கார் ரோடு ஏறும்வரை நின்று பார்த்தான். அம்மா அண்டா கழுவப் போனபிறகுதான் வாயைத் திறந்தான்.

"நீயே கேட்டியா, ரெண்டு மாசம் அங்க தங்கறன்னு?"

"ஆமாங்க. அத்த இன்னா சொல்லுவாங்களோன்னு பயந்துகினு..."

"அம்மாகிட்ட சொல்ல பயம். செரி." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. "எங்கிட்ட சொல்ல இன்னா கண்ணகி?"

மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே, தங்கதுரை தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடந்துவிட்டான்.